எலா ஃபிட்ஸ்ஜெரால்டின் பாடல்களை ஒரு கொயர் (பாடகர் குழு) எப்படிப் பாடலாம்?

அன்பர் ஒருவர் கேட்டிருந்த கேள்வியைச் சுருக்கித் தருகிறேன். அவருடைய கொயரில் 25 பேர். எல்லோரும் பெரும்பாலும் ஆலயப் பாடல்களை நான்கு பார்ட்டில், அதாவது ஒரே நேரத்தில் நான்கு குரல் வரிசையாக, பாடிப் பழகியவர்கள். ஜாஸ் பாடகி எலா ஃபிட்ஸ்ஜெரால்டை வைத்து ஒரு மாலை நிகழ்ச்சி செய்ய ஆசை. நடுநடுவே அவருடைய வாழ்க்கையையும் சொல்ல வேண்டும். எந்த அரேஞ்ச்மென்டை (ஒரு பாட்டைப் பல குரலுக்குப் பிரித்து எழுதிய வடிவத்தை) எடுப்பது? அவர் பாடிய ஸ்காட்டை, அதாவது பொருளில்லாத ஒலிகளை வைத்து அந்த நேரத்தில் கற்பனையாகப் பாடுவதை, ரெக்கார்டிலிருந்து அப்படியே நோட்டேஷன் எடுத்து எல்லோரையும் பாட வைக்கலாமா? பார்த்தால் இரண்டு கேள்வி. எனக்குத் தெரிவது ஒன்றுதான்: தனி ஒருவர் அந்த நிமிடத்தில் நினைத்துப் பாடியதை, முன்கூட்டியே எழுதிவைத்துப் பாடும் ஒரு கூட்டம் என்ன செய்வது?

என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கொயர் எலாவாக வேண்டாம், அவருக்குப் பின்னால் நின்ற பேண்டாக மாறட்டும். இது சமாதானத்துக்குச் சொல்வது இல்லை. அவர் வாழ்க்கையைக் கொஞ்சம் பார்த்தாலே காரணம் விளங்கும். பல வருடமாகக் கொயர் நடத்துகிறேன், அதில் ஜாஸுக்குத் தனி இடம் கொடுத்திருக்கிறேன். அந்தப் பழக்கத்தில் எழுதுகிறேன். காப்புரிமை பற்றிச் சொல்லும் இடத்தில் மட்டும் நான் வக்கீல் இல்லை என்பதை நினைவில் வையுங்கள்.

எலா 1917 ஏப்ரல் 25 அன்று வர்ஜீனியா மாநிலத்தின் நியூபோர்ட் நியூஸில் பிறந்தார். பழைய புத்தகங்கள் பலவற்றில் 1918 என்று இருக்கும். 1917 என்பதே சரி. சின்ன வயதிலேயே குடும்பம் நியூயார்க் பக்கத்தில் யாங்கர்ஸுக்குக் குடிபெயர்ந்தது. 1932இல் அம்மா இறந்தார். அதன்பின் படிப்பு நின்றது. ஆதரவற்றோர் இல்லம், அப்புறம் ஹட்சன் நகரில் இருந்த பெண்கள் சீர்திருத்தப் பள்ளி என்று நாட்கள் போயின. அந்தப் பள்ளியில் ஒரு கொயர் இருந்தது. ஆனால் அதில் வெள்ளைக்காரப் பெண்கள் மட்டும்தான். எலாவுக்கு இடம் இல்லை. அங்கே கறுப்பினச் சிறுமிகளை அடித்ததும் பதிவாகியிருக்கிறது. எலா தன் வாழ்நாளில் இதைப் பற்றி வெளியே பேசியதே இல்லை என்று சொல்லலாம். 1996இல் அவர் இறந்த பிறகு நியூயார்க் டைம்ஸ் எழுதிய பிறகுதான் பலருக்கும் தெரிந்தது. ஒரு கொயர் அவரைக் கொண்டாடுகிறது என்றால் இந்தத் தகவலை மேடையில் சொல்லாமல் விடக்கூடாது என்பது என் அபிப்பிராயம். இரண்டே வாக்கியத்தில் சொல்லிவிட்டு அடுத்த பாட்டுக்குப் போய்விடுங்கள். உருக்கமாக நீட்ட வேண்டியதில்லை.

அங்கிருந்து வெளியே வந்தவர் 1934 நவம்பர் 21 அன்று ஹார்லெமின் அப்பல்லோ தியேட்டரில் புதியவர்களுக்கான போட்டி மேடையில் ஏறினார். ஆடத்தான் பெயர் கொடுத்திருந்தார். அவருக்கு முன்னால் எட்வர்ட்ஸ் சகோதரிகள் ஆடிவிட்டுப் போனதைப் பார்த்ததும் ஆடும் தைரியம் போய்விட்டது. பாடினார். ஜெயித்தார். அன்று அவர் பாடியது கானி பாஸ்வெல்லின் பாணியில். உங்கள் கேள்விக்கு இதுதான் முக்கியம் என்று நினைக்கிறேன். கானி, நியூ ஆர்லியன்ஸிலிருந்து வந்த பாஸ்வெல் சகோதரிகள் என்ற மூவர் குழுவில் ஒருவர். மார்த்தா, கானி, வெட் ஆகிய மூவரும் 1930களின் தொடக்கத்தில் பதிவு செய்தவற்றைக் கேளுங்கள். பாட்டின் நடுவில் வேகம் மாறும், ஸ்ருதி மாறும், மெட்டே வேறாக வந்து நிற்கும். மூன்று குரலும் ஒரே மூச்சாக நகரும். ஆக, நாம் எல்லோரும் தனிப்பாடகி என்று தலையில் வைத்துக் கொண்டாடும் எலா, காது பழகியது ஒரு குரல் குழுவைக் கேட்டு.

1935இல் டிரம்மர் சிக் வெப்பின் பேண்டில் சேர்ந்தார். முதுகெலும்புக் காசநோயால் உடல் குறுகிப்போன மனிதர் வெப். ஆனால் ஹார்லெமின் சவாய் பால்ரூம் என்ற நடன அரங்கில் அவருடைய டிரம்ஸுக்குப் பயப்படாத பேண்ட் கிடையாது. 1938 மே மாதம் பதிவான 'எ-டிஸ்கெட், எ-டாஸ்கெட்' எலாவை நாடறியச் செய்தது. பழைய குழந்தைப் பாட்டு ஒன்றை எலாவும் வான் அலெக்சாண்டரும் திருத்தி எழுதியது அது. அந்த ரெக்கார்டின் கடைசிப் பகுதியைக் கவனியுங்கள். தொலைந்துபோன கூடை என்ன நிறம் என்று பேண்ட்காரர்கள் சேர்ந்து ஒவ்வொரு நிறமாகக் கேட்கிறார்கள், எலா இல்லை இல்லை என்று பதில் சொல்கிறார். கேட்பது கூட்டம், பதில் சொல்வது ஒரு குரல். கொயருக்கான பாடம் அந்தச் சில வினாடியில் முழுதாக இருக்கிறது. 1939 ஜூனில் வெப் இறந்ததும் பேண்டே எலாவின் பெயரில் ஓடியது, 1942 வரை.

அதன்பின் நடந்ததை வேகமாகச் சொல்கிறேன். 1940களின் நடுவில் டிரம்பெட் கலைஞர் டிஸ்ஸி கில்லெஸ்பியின் பேண்டோடு சுற்றுப்பயணம் போனபோது பீபாப் என்ற வேகமான புது ஜாஸ் பாணி அவர் காதில் ஏறியது. டிரம்பெட்டும் சாக்ஸஃபோனும் ஊதுவதைக் குரலில் செய்து பார்த்தார். அதுதான் அவருடைய ஸ்காட். 1945இல் 'ஃப்ளையிங் ஹோம்', 1947இல் 'ஓ, லேடி பி குட்', 'ஹௌ ஹை த மூன்'. மேனேஜர் நார்மன் கிரான்ஸ் 1956இல் வெர்வ் என்ற ரெக்கார்டு கம்பெனியைத் தொடங்கி அவரை வைத்து சாங்புக் வரிசையை ஆரம்பித்தார். பெரும்பாலும் ஒரு பாடலாசிரியர் அல்லது இசையமைப்பாளரின் பாடல்களுக்கு ஒரு தொகுப்பு. கோல் போர்ட்டரில் தொடங்கி, ராட்ஜர்ஸ்-ஹார்ட், எலிங்டன், பெர்லின், கெர்ஷ்வின் என்று 1964இல் ஜானி மெர்சர் வரை போனது. 1959இல் வந்த கெர்ஷ்வின் தொகுப்பில் மட்டும் 53 பாட்டு, 5 இசைத்தட்டு. அதே வருடம் முதன்முறையாக வழங்கப்பட்ட கிராமி விருதுகளில் இரண்டு அவருக்கு. கிராமி வாங்கிய முதல் கறுப்பினப் பெண் அவர்தான். கடைசிக் காலத்தில் சர்க்கரை நோய் அவரை வாட்டியது. 1993இல் முழங்காலுக்குக் கீழே இரண்டு கால்களையும் எடுக்க வேண்டி வந்தது. 1996 ஜூன் 15 அன்று பெவர்லி ஹில்ஸில் காலமானார்.

மேடையில் வாழ்க்கையைச் சொல்லும்போது ஒரு கதையில் கவனமாக இருங்கள். மர்லின் மன்றோ ஒரு ஃபோன் செய்தார், அதனால்தான் ஹாலிவுட்டின் மொக்காம்போ கிளப்பில் பாடிய முதல் கறுப்பினக் கலைஞரானார் எலா என்று வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது. மன்றோ அவருக்காகப் பேசினார் என்பதை எலாவே நன்றியோடு சொல்லியிருக்கிறார், அதில் சந்தேகம் வேண்டாம். 1955இல் அங்கே அவர் பாடியதும் உண்மை. ஆனால் 'முதல்' என்பது தவறு. கறுப்பினக் கலைஞர்களான எர்த்தா கிட்டும் டோரதி டான்ட்ரிட்ஜும் அவருக்கு முன்பே அங்கே பாடியவர்கள். இனவெறி பற்றிச் சொல்ல உறுதியான சம்பவம் வேண்டுமென்றால் அதே 1955 அக்டோபரில் ஹூஸ்டனில் நடந்ததைச் சொல்லுங்கள். அரங்கில் கறுப்பர், வெள்ளையர் என்று தனித்தனி இருக்கை கூடாது என்று கிரான்ஸ் பிடிவாதமாக நின்றார். இரண்டு காட்சிக்கு நடுவில் போலீஸ் உடைமாற்றும் அறைக்குள் புகுந்து, சூதாட்டம் என்று எலாவையும் கில்லெஸ்பியையும் இன்னும் சிலரையும் கைது செய்தது. வழக்கு நிற்கவில்லை. அன்றைய இரண்டாவது காட்சியில் எலா பாடத்தான் செய்தார்.

சரி, இனி கொயர். ஜாஸ் பாட்டைப் பலர் சேர்ந்து பாடுவது நேற்று வந்த வழக்கம் இல்லை. எலாவே 1937இல் மில்ஸ் பிரதர்ஸோடும், 1944இல் இங்க் ஸ்பாட்ஸோடும், 1945இல் டெல்டா ரிதம் பாய்ஸோடும் பதிவு செய்திருக்கிறார். மூன்றும் குரல் குழுக்கள். 1942 ஆகஸ்டில் அமெரிக்க வாத்தியக்காரர்கள் சங்கம் ரெக்கார்டிங்கை நிறுத்தியபோது, சங்கத்தில் சேராத பாடகர்கள் மட்டும் ஸ்டுடியோவுக்குள் போக முடிந்தது. பாடகர் ஃபிராங்க் சினாட்ராவுக்குப் பின்னால் வயலினுக்குப் பதிலாகக் குரல்களே வாசித்த காலம் அது. ஆனால் உங்கள் நிலைமைக்கு மிகவும் பொருந்துவது 1957இல் நடந்த ஒன்று. டேவ் லேம்பர்ட், ஜான் ஹெண்ட்ரிக்ஸ் என்ற இரு ஜாஸ் பாடகர்கள் கவுன்ட் பேசி என்பவரின் ஜாஸ் பேண்ட் இசைக்குச் சொற்கள் எழுதி, ஸ்டுடியோவில் பாடிப் பழகிய ஒரு கொயரை வரவழைத்தார்கள். எல்லோரும் நோட்டேஷனைப் பார்த்த மாத்திரத்தில் பாடக்கூடியவர்கள். சுரம் எல்லாம் சுத்தம். ஜாஸுக்கே உரிய தாள நடையான ஸ்விங் மட்டும் வரவில்லை. அவர்களுக்குச் சொல்லிக்கொடுக்க ஜாஸ் பாடகி ஆனி ராஸை அழைத்தும் நடக்கவில்லை. கடைசியில் கொயரை அனுப்பிவிட்டு இந்த மூவரே திரும்பத் திரும்பப் பாடி, ஒன்றன்மேல் ஒன்றாகப் பதிவு செய்து பேண்ட் முழுவதையும் பாடி முடித்தார்கள். தேர்ந்த பாடகர்களுக்கே இந்தக் கதி என்றால், உங்கள் ஒத்திகையில் பாதி நேரம் சுரத்துக்கு, பாதி நேரம் தாளத்துக்கு என்று இப்போதே பிரித்துவிடுங்கள்.

இன்னொரு எச்சரிக்கையும் உண்டு. ஜாஸ் கொயர் என்று தேடினால் ஜீன் பர்லிங் எழுதியவை முதலில் கண்ணில் படும். ஹை-லோஸ், அப்புறம் சிங்கர்ஸ் அன்லிமிடெட் என்ற குழுக்களுக்கு எழுதியவர். மான்ஹாட்டன் டிரான்ஸ்ஃபருக்காக அவர் எழுதிய 'எ நைட்டிங்கேல் சாங் இன் பெர்க்லி ஸ்கொயர்' அரேஞ்ச்மென்டுக்கு கிராமி கிடைத்தது. எனக்கு அதைவிட அழகான குரல் எழுத்து தெரியாது. ஆனால் சிங்கர்ஸ் அன்லிமிடெட் என்பது நான்கே பேர், ஜெர்மனியில் ஸ்டுடியோவில் உட்கார்ந்து குரல்மேல் குரலாக அடுக்கிப் பாடியது. ஒவ்வொரு பார்ட்டும் பக்கத்துப் பார்ட்டோடு அரைச்சுரத்தில் உரசிக்கொண்டே போகும். ஆலயப் பாடல் பாடிப் பழகிய குழுவுக்கு முதல் வருடத்தில் இது வேண்டாம்.

அதற்குப் பதிலாக எதைப் பார்த்து அரேஞ்ச்மென்ட் தேர்ந்தெடுப்பது? உள் பார்ட்டைப் பாருங்கள். மேலே சோப்ரானோ, கீழே பாஸ்; இடையில் ஆல்டோவும் (பெண்களின் கீழ்க்குரல்) டெனரும் (ஆண்களின் மேல்குரல்) என்ன செய்கிறார்கள் என்பதில்தான் தரம் தெரியும். ஜாஸ் பாட்டில் ஓயாமல் வரும் ஒரு நகர்வை நம் ஸ்வரத்தில் சொல்கிறேன். சங்கராபரணத்தை வைத்துக்கொள்ளுங்கள். கார்டு என்றால் ஒரே நேரத்தில் ஒலிக்கும் சுரக் கூட்டு. முதல் கார்டு ரி-ம-த-ச, இரண்டாவது ப-நி-ரி-ம, மூன்றாவது ச-க-ப-நி. ஒவ்வொரு கார்டிலும் அதன் மூன்றாவது சுரமும் ஏழாவது சுரமும்தான் குணத்தைச் சொல்பவை. முதல் கார்டில் அவை ம, ச. அடுத்ததில் நி, ம. கடைசியில் க, நி. இப்போது இரண்டு பேரை மட்டும் பாட வையுங்கள். ஒருவர் ம-வில் நிற்கட்டும், இன்னொருவர் ச-விலிருந்து அரைச்சுரம் கீழே நி-க்கு வரட்டும். அடுத்த மாற்றத்தில் நி அப்படியே நிற்கட்டும், ம அரைச்சுரம் இறங்கி க ஆகட்டும். அவ்வளவுதான். இரண்டே குரலில் ஜாஸ் கேட்கும். நல்ல அரேஞ்சர் இந்த இரண்டு கோட்டை ஆல்டோவுக்கும் டெனருக்கும் கொடுத்துவிட்டு, சோப்ரானோவுக்கு மெட்டைக் கொடுப்பார். இடம் போதாவிட்டால் முதலில் விடுவது கார்டின் ஐந்தாவது சுரத்தை. டபுள் பேஸ் வாசிக்க ஆள் இருந்தால் உங்கள் பாஸ் குரல்கள் மூலச்சுரத்தை (கார்டின் முதல் சுரத்தை) சுமக்க வேண்டியதில்லை; ஆனால் பழக்கமில்லாத குழுவில் பாஸ் மூலச்சுரத்தைப் பிடித்துக்கொண்டால்தான் மற்றவர்களுக்குத் தைரியம் வரும். உள் பார்ட்டுகள் காரணமில்லாமல் அங்கும் இங்கும் குதிக்கிற அரேஞ்ச்மென்ட் என்றால், அட்டையில் யார் பெயர் இருந்தாலும் வாங்காதீர்கள்.

தாளத்துக்கு வருவோம். நடுத்தர வேகத்தில் ஸ்விங் என்பது ஒரு அடியை மூன்றாகப் பிரித்து, முதல் பாதிக்கு இரண்டு பங்கும் பின்பாதிக்கு ஒரு பங்கும் கொடுப்பது. வேகம் ஏற ஏற இது சமமாகிக்கொண்டே வரும், அதனால் வேகப்பாட்டில் குதிரை ஓட்டம் மாதிரிப் பாடிவிடக் கூடாது. முதல் ஒத்திகையில் நான் நோட்டைத் திறக்க விடமாட்டேன். எல்லோரும் நின்றுகொண்டு இரண்டாவது, நான்காவது அடியில் கைதட்டுவார்கள். வரிகளைப் பாடாமல் பேசுவார்கள். முதல் அடியில் கை தானாகப் போகும். ஆலயத்தில் அப்படித்தான் பழக்கம். அது மாற ஒரு மணி நேரம் ஆனாலும் விடாதீர்கள். அப்புறம் குரல் நடுக்கம். பெரிய ஆர்கனோடு பாடும்போது குரல் ஆடினால் அழகு. நி-யும் ச-வும் பக்கத்துப் பக்கத்தில் நிற்கும் கார்டில் ஆடினால் இரண்டும் கலங்கி வெறும் சத்தமாகிவிடும். நேராகப் பிடிக்கச் சொல்லுங்கள், கடைசிச் சுரத்தின் நுனியில் மட்டும் கொஞ்சம் ஆடட்டும். சொற்களைப் பேசுகிற மாதிரி உச்சரிக்க வேண்டும். எலாவின் சாங்புக் ரெக்கார்டுகளில் ஒரு சொல்கூடக் காதுக்குத் தப்பாது.

இப்போது ஸ்காட். கச்சேரியில் ஒரு வித்வான் நேற்றுப் பாடிய கல்பனாஸ்வரத்தை எழுதியெடுத்து இன்று 25 பேர் சேர்ந்து பாடினால் எப்படி இருக்கும்? சுரம் சரியாக இருக்கும், மனோதர்மம் இருக்காது. 1960 பிப்ரவரியில் பெர்லினில் எலா 'மேக் த நைஃப்' பாடும்போது நடுவில் வரிகள் மறந்துபோயின. நிறுத்தாமல், வரி மறந்ததையே வரியாக்கி, லூயி ஆம்ஸ்ட்ராங் குரலில் கொஞ்சம் பாடி முடித்தார். அந்தப் பதிவுக்கு கிராமி கிடைத்தது. அதை எழுதிவைத்துப் பாடினால், மறக்காத ஒருவர் மறந்ததாக நடிப்பது போலத்தான் ஆகும். அதனால் நான் செய்வது இது: எட்டு பார் (ஒரு பார் என்பது இங்கே நான்கு அடி கொண்ட தாள அளவு) முழுக் கொயருக்கும் எழுதித் தருவேன், சாக்ஸஃபோன் வரிசை ஊதுவது போல எல்லோரும் ஒரே தாளத்தில் அடுக்காக. நீளமான சுரத்துக்கு 'டூ', வெட்டி நிறுத்துவதற்கு 'டாட்', அழுத்தத்துக்கு 'பா'. அதற்குப் பிறகு பதினாறு பார் ஒருவருக்கு மட்டும், நோட்டில் ஒன்றும் எழுதாமல். பின்னால் கொயர் மேலே சொன்ன ஆல்டோ, டெனர் கோடுகள் இரண்டையும் மெதுவாக 'ஊ' என்று பிடித்து நிற்கும். அப்படிப் பாட ஆளே இல்லையென்றால் பதினாறு பாரையும் பியானோவுக்குக் கொடுத்துவிடுங்கள், குறை ஒன்றும் இல்லை. எலாவின் ரெக்கார்டை எழுதியெடுப்பது பயிற்சிக்கு மிக நல்லது. வீட்டில் செய்யுங்கள், மேடைக்கு வேண்டாம்.

எந்தப் பாட்டு? 'ஓ, லேடி பி குட்' ஒன்றை மட்டுமாவது எடுங்கள். 1947இல் எலா அதை வேகமான ஸ்காட்டாகப் பாடினார். 1959இல் நெல்சன் ரிடிலின் அரேஞ்ச்மென்டில் அதே பாட்டை மிக மெதுவாக, ஸ்காட்டே இல்லாமல் பாடினார். இரண்டையும் கேட்டால் வேறு வேறு பாட்டு என்றே தோன்றும். உங்கள் கொயர் மெதுவான வடிவத்தில் தொடங்கி, ஒருமுறை முழுவதும் பாடிய பிறகு டிரம்மர் வேகத்தை இரட்டிக்கலாம். எலாவின் இரண்டு முகமும் நான்கு நிமிடத்துக்குள் வந்துவிடும். அதோடு இது 1924இல் வந்த பாட்டு, அமெரிக்காவில் 2020 முதல் பொதுவுடைமை, அதாவது காப்புரிமை முடிந்து யாரும் பயன்படுத்தலாம். 1926இல் வந்த 'ப்ளூ ஸ்கைஸ்' 2022இல் பொதுவுடைமையானது. இந்த இரண்டுக்கும் நீங்களே அரேஞ்ச்மென்ட் எழுத வழி இருக்கிறது, ஆனால் நம் நாட்டுச் சட்டப்படி நிலைமை என்ன என்று தெரிந்தவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். 'எ-டிஸ்கெட்' 1938, 'ஹௌ ஹை த மூன்' 1940, 'லல்லபை ஆஃப் பேர்ட்லேண்ட்' 1952. இவற்றுக்கு உரிமை இன்னும் அமலில் இருக்கிறது, அச்சிட்ட அரேஞ்ச்மென்டை வாங்கித்தான் பாட வேண்டும். பாட்டு பொதுவுடைமை ஆனாலும் புதிதாக ஒருவர் எழுதிய அரேஞ்ச்மென்ட் அவருக்குச் சொந்தம். ஒன்றை வாங்கி 25 ஜெராக்ஸ் எடுப்பதும் சரியில்லை. தலைக்கு ஒரு பிரதி வாங்கியாக வேண்டும்.

வாங்குவதென்றால் கர்பி ஷா எழுதியவற்றிலிருந்து தொடங்குங்கள், ஆரம்பக் குழுக்களின் குரல் எல்லை தெரிந்து எழுதுபவர். கொஞ்சம் கை தேறிய பிறகு பாரிஸ் ரதர்ஃபோர்ட், அதற்கும் மேலே நியூயார்க் வாய்ஸஸ் குழுவின் டார்மன் மீடர். ஒரு மாலைக்கு ஏழெட்டுப் பாட்டு தாராளம். அதில் இரண்டை கொயர் வாயே திறக்காமல், ஒரு தனிக்குரலும் பியானோவும் மட்டும் பாடட்டும். டிரம்மரையும் பேஸ் வாசிப்பவரையும் கடைசி வாரத்தில் கூப்பிடாதீர்கள். இரண்டாவது ஒத்திகையிலிருந்தே அவர்கள் இருக்க வேண்டும். செலவு கூடும் என்றால் உடைச் செலவில் குறைத்துக்கொள்ளுங்கள்.